ரெக்கார்டரில் பாடுகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை: மல்டிடிராக் பதிவுகளை மாற்றும்போது வரும் கோளாறுகள்

குரல், கிதார், டிரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி டிராக்காகப் பதியும், தனியாக நிற்கும் மல்டிடிராக் ரெக்கார்டரிலிருந்து பதிவுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார்கள்: "எல்லாம் போயிடுச்சு." அநேகமாக எதுவும் போயிருக்காது. பதிவு கார்டிலேயேதான் இருக்கும், ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாத இடத்தில், தெரியாத வடிவத்தில். அது உண்மையிலேயே போவது, அதற்குப் பிறகு பதற்றத்தில் தட்டிய ஏதோ ஒரு பட்டனால்தான். அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும், முதலில் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

ரெக்கார்டர் இன்னும் வேலை செய்கிறது என்றால் அதிலேயே பாட்டைத் திறந்து நான்கு விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சேம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளந்து எழுதுகிறது), பிட் அளவு (ஒவ்வொரு அளவையும் எத்தனை பிட்டில் எழுதுகிறது), எந்த டிராக்கில் என்ன இருக்கிறது, பாட்டு எத்தனை நிமிடம். பின்னால் வரும் சிக்கல்களில் பாதியை இந்தத் தாள்தான் அவிழ்க்கும்.

எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டைத் தள்ளிவிடுங்கள். அது கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. "இதில் எழுதாதே" என்று கார்டு ரீடரிடம் வைக்கும் வேண்டுகோள்தான். சில ரீடர்கள் அதை மதிப்பதும் இல்லை. இருந்தாலும் தள்ளி வைப்பதில் நஷ்டமில்லை.

அப்புறம், முழு கார்டையும் ஒரே இமேஜ் ஃபைலாக, அதாவது முதல் பைட்டிலிருந்து கடைசி வரை அப்படியே நகலாக, எடுத்து வையுங்கள். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் போதும். அதில் ஒதுக்கப்பட்ட பகுதிகளை மட்டும் படிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. மேக்கிலும் லினக்ஸிலும் டிடி கட்டளை இருக்கிறது. எதிலிருந்து, எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் அதே கட்டளை கார்டைத் துடைத்துவிடும் என்பதால் என்டர் தட்டுமுன் இரண்டு தரம் பாருங்கள். ஃபைல்களை இழுத்துக் காப்பி செய்வது இதற்கு ஈடாகாது. கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாத பகுதிகள் அந்தக் காப்பியில் வராது.

அறிகுறி 1: கேபிளைச் செருகியும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை

செலவில்லாத காரணங்களிலிருந்து ஆரம்பிப்போம்.

ரெக்கார்டர் யூஎஸ்பி மோடில் இருக்கிறதா? பல ரெக்கார்டர்களில் கேபிளைச் செருகினால் மட்டும் போதாது. பாட்டை நிறுத்தி, சேவ் செய்து, மெனுவில் போய் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூம் ஆர்16 போன்றவற்றில் இரண்டு வழி உண்டு: ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், வயர் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி), கார்டு ரீடர். இன்டர்ஃபேஸ் மோடில் விட்டால் கம்ப்யூட்டர் அதை மைக் பெட்டியாகத்தான் பார்க்கும், டிரைவ் எதுவும் வராது. 'கம்ப்யூட்டரில் பெயர் தெரிகிறது, ஃபோல்டர் மட்டும் இல்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்தது கேபிள். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்யப்பட்ட கேபிள்களில் டேட்டா போகும் இரண்டு கம்பிகள் இருக்காது. ரெக்கார்டரில் விளக்கு எரியும், வேறெதுவும் நடக்காது. அதே கேபிளில் வேறு ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டியையோ கேமராவையோ மாட்டிப் பாருங்கள். அங்கேயும் டிரைவ் வரவில்லை என்றால் குற்றவாளி கேபிள்.

ஹப் இருந்தால் எடுத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். ரெக்கார்டரை பேட்டரியிலோ யூஎஸ்பி மின்சாரத்திலோ ஓட்டாமல் அதனுடைய அடாப்டரில் ஓட்டுங்கள். பாதி மாற்றத்தில் மின்சாரம் குறைந்து அறுந்தால் தலைவலி இரண்டாகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் யூஎஸ்பியோடு மல்லுக்கட்டாதீர்கள். கார்டைக் கழற்றி ரீடரில் போடுங்கள். பழைய ரெக்கார்டர்கள் சிலவற்றுக்குத் தனி டிரைவர் வேண்டும், அந்த டிரைவர் இன்றைய இயங்குதளங்களில் ஏறாது. கார்டு ரீடருக்கு அந்தக் கவலை இல்லை. வேகமும் கூடுதல்: பழைய ரெக்கார்டர்களின் யூஎஸ்பி 1.1 விநாடிக்கு 12 மெகாபிட்தான் தரும். ஒரு ஆல்பம் மாற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு என்றால் ஒன்று கவனியுங்கள். அந்த ரீடரின் உள்ளே ஊசிகள் வரிசையாக நிற்கும். கார்டு சிக்குகிறது என்றால் அழுத்தாமல் வெளியே எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒரு ஊசி வளைந்திருந்தால் அதோடு அழுத்தினால் பக்கத்து ஊசியும் சேர்ந்து மடங்கும்.

கார்டு ரீடரில் வருகிறது, ரெக்கார்டரின் யூஎஸ்பி சாக்கெட் மட்டும் ஆடுகிறது என்றால் அது சால்டரிங் வேலை. மாற்றி முடித்த பிறகு மெக்கானிக்கிடம் கொடுங்கள், அவசரமில்லை. கார்டைக் கழற்ற முடியாத, ஹார்ட் டிஸ்க் உள்ளே இருக்கும் மாடல் என்றால்தான் இந்த சாக்கெட்டை முதலில் சரிசெய்தாக வேண்டும்.

அறிகுறி 2: "இந்த டிஸ்க்கை பார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கிறது

கேன்சல். எப்போதும் கேன்சல். நான் ஒரு முறை தூக்கக் கலக்கத்தில் சரி என்று தட்டிவிட்டு, மூன்று நாள் மீட்பு மென்பொருள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாட்டு கிடைத்தது, எந்த ஃபைல் எந்த டிராக் என்ற அடையாளம் கிடைக்கவில்லை.

கேட்பதற்கான காரணங்கள் இவை.

கார்டு ரீடர் பழையது. எஸ்டி கார்டில் 2 ஜிபி வரை ஒரு வகை, அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி, அதற்கும் மேல் எஸ்டிஎக்ஸ்சி. பழைய ரீடருக்குப் புதிய வகை புரியாது, பார்மட் கேட்கும் அல்லது கார்டே இல்லை என்கும். வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள்.

அது ரெக்கார்டருக்கு மட்டும் புரியும், டிராக்குகள் இருக்கும் பகுதி. டாஸ்காம் டிபி-24, டிபி-008 போன்றவை ஒரே கார்டை இரண்டு வகைப் பகுதிகளாகப் பிரிக்கும். ஒன்று ஃபேட் பகுதி, கம்ப்யூட்டருக்குப் புரியும். மற்றது எம்டிஆர் பகுதி, ரெக்கார்டருக்கு மட்டும் புரியும். டிராக்குகள் அதில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் ஃபேட் பகுதியை ஒழுங்காகத் திறந்துவிட்டு, இன்னொரு எழுத்தில் ஒரு டிரைவைக் காட்டி பார்மட் கேட்டால், அது உங்கள் டிராக்குகளைத்தான் அழிக்கக் கேட்கிறது. இதற்கு வழி அடுத்த அறிகுறியில்.

டிஸ்க் முழுவதும் வேறு பாஷை பேசுகிறது. அலெசிஸ் ஹெச்டி24 தன் ஹார்ட் டிஸ்க்கில் சொந்தக் கோப்பு முறையைப் பயன்படுத்தும். டிஸ்க்கை நேரடியாகக் கம்ப்யூட்டரில் மாட்டினால் எந்த இயங்குதளமும் அதைக் காலி டிஸ்க் என்றுதான் நினைக்கும். அதற்கு ஃபயர்போர்ட் என்ற தனி இணைப்பு வந்தது, அல்லது ரெக்கார்டரின் பின்னால் உள்ள ஈதர்நெட் போர்ட் வழியாக, நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பும் எஃப்டிபி முறையில் இழுக்கலாம். அந்த போர்ட் 10 மெகாபிட் வேகம்தான், ஆனாலும் வேலை செய்யும். சாயங்காலம் போட்டுவிட்டுக் காலையில் வந்து பாருங்கள்.

இவை எதுவும் இல்லை, முந்தாநாள் வரை திறந்த கார்டு இன்று கேட்கிறது என்றால் கோப்பு அட்டவணை கெட்டிருக்கிறது. கார்டை ரெக்கார்டரில் போட்டு, அது படிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படித்தால் அங்கிருந்தே வேறு கார்டுக்கோ யூஎஸ்பிக்கோ எடுத்துவிடலாம். படிக்கவில்லை என்றால், எடுத்து வைத்த இமேஜ் ஃபைலின் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள்களை ஓட்டுங்கள். பெயர் ஃபோட்டோ என்று இருந்தாலும் வேவ் (.wav) ஒலி ஃபைல்களையும் தேடித் தரும். மூலக் கார்டின் மேல் ஓட்ட வேண்டாம். இமேஜே எடுக்க முடியவில்லை, படிக்கும்போது பாதியில் நிற்கிறது என்றால் அங்கேயே நிறுத்தி டேட்டா மீட்பவரிடம் போங்கள்.

அறிகுறி 3: டிரைவ் திறக்கிறது, உள்ளே பாட்டைக் காணோம்

அதிகம் வருவது இதுதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: எக்ஸ்போர்ட் செய்யவில்லை.

மேலே சொன்ன இரண்டு பகுதி ரெக்கார்டர்களில், ஃபேட் பகுதிக்கு டிராக்கை வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தால்தான் கம்ப்யூட்டர் பார்க்கும். மெனுவில் பேக்கப் என்றும் ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து அதைச் செய்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. பேக்கப் ஃபைலைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம், திரும்ப ரெக்கார்டருக்கு அனுப்பலாம், ஆனால் பாட முடியாது. வேண்டியது எக்ஸ்போர்ட் டிராக். மாஸ்டரை எக்ஸ்போர்ட் செய்வது வேறு. அதில் மிக்ஸ் செய்த இரண்டு சேனல் மட்டும்தான் வரும்.

எக்ஸ்போர்ட் செய்யப் போனால் இடமில்லை என்கிறதா? ஃபேட் பகுதி சின்னதாக இருக்கும். கணக்கு இப்படி: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றை டிராக் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 5.3 எம்பி. 24 பிட் என்றால் 7.9 எம்பி. 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் என்றால் 8.6 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டில் 24 டிராக், 24 பிட், 44.1 என்றால் 950 எம்பியைத் தொடும். நான்கு நான்கு டிராக்காக எக்ஸ்போர்ட் செய்து, கம்ப்யூட்டருக்கு நகர்த்தி, அழித்து, மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அலுப்பான வேலைதான். மேக்கில் அழித்தால் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் அழித்த ஃபைல் கார்டிலேயே மறைந்து கிடக்கும், ரெக்கார்டர் மறுபடியும் 'இடமில்லை' என்கும்.

சில ரெக்கார்டர்களுக்கு எக்ஸ்போர்ட்டே தேவையில்லை. ஜூம் ஆர்16, ஆர்24 நேரடியாக வேவ் ஃபைலாகத்தான் பதிவு செய்கின்றன. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஆடியோ ஃபோல்டர் இருக்கும், அதில் மோனோ-000, மோனோ-001 என்று வரிசையாகக் கிடக்கும். அந்த எண் டிராக் எண் அல்ல, பதிவு செய்த வரிசை. நாலாவது டேக்கில்தான் பாட்டு சரியாக வந்தது என்றால் அந்த மூன்று தப்பான டேக்கும் அங்கேயே இருக்கும். இங்கேதான் நீங்கள் எழுதி வைத்த தாள் கைகொடுக்கும். ஃபைல் தேதியை நம்ப வேண்டாம். ரெக்கார்டரின் உள் பேட்டரி தீர்ந்திருந்தால் எல்லா ஃபைலும் ஒரே பழைய தேதியைக் காட்டும்.

ஃபைல் இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் பெயரையே கேள்விப்படாத வகை என்றால், ரெக்கார்டர் தன் சொந்த வடிவில் சேமித்திருக்கிறது. பாஸ் பிஆர் வரிசையில் சிலவற்றுக்கு வேவாக மாற்றித் தரும் மென்பொருள் உண்டு. ரோலண்ட் விஎஸ் வரிசை பல மோடுகளில் ஆர்டாக் என்ற சுருக்க முறையில் பதிவு செய்யும். அந்த டேட்டாவை வெறுமனே திறந்தால் இரைச்சல்தான் கேட்கும். விஎஸ்-2480 மாதிரி பிந்தைய மாடல்கள் வேவாக எழுதித் தரும். பழையது என்றால் அதிலேயே ஓடவிட்டு, டிஜிட்டல் அவுட் வழியாகப் பிடிப்பதுதான் நிம்மதியான வழி. அதை 6லும் 7லும் பார்ப்போம்.

கடைசியாக, டிராக் இருக்கிறது, ஆனால் எக்ஸ்போர்ட் பட்டியலில் தப்பான பாட்டு வருகிறது என்றால் வர்ச்சுவல் டிராக்கைப் பாருங்கள். ஒரு டிராக்கின் கீழ் எட்டு டேக் வரை ஒளித்து வைக்கும் ரெக்கார்டர்கள் உண்டு. எந்த டேக் மேலே இருக்கிறதோ அதுதான் எக்ஸ்போர்ட் ஆகும்.

அறிகுறி 4: ஃபைல் வந்தது, திறக்க மறுக்கிறது; அல்லது திறந்தால் வெறும் இரைச்சல்

முதலில் அளவைப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கோடு ஒத்துப்போனால் பாட்டு உள்ளே இருக்கிறது, தலைப்பகுதி மட்டும் கெட்டிருக்கிறது. பதிவு ஓடும்போது மின்சாரம் போனால் இப்படி நடக்கும்: வேவ் ஃபைலின் தலையில் 'இத்தனை பைட் ஆடியோ இருக்கிறது' என்று எழுதும் வேலை கடைசியில்தான் நடக்கும், அது நடக்காமலே நின்றுவிடும். பிளேயர் தலையைப் பார்த்து, பூஜ்யம் என்று நினைத்துத் திரும்பிவிடும்.

இதை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சரிசெய்யலாம். காப்பி எடுத்த ஃபைலின் மேல்தான், மூலத்தின் மேல் அல்ல. சாதாரணமாகத் திறக்காமல், இம்போர்ட்டில் ரா டேட்டா என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெட்டி வரும். என்கோடிங்கில் சைன்ட் 24 பிட் பிசிஎம் அல்லது 16 பிட், பைட் வரிசையில் லிட்டில் எண்டியன், சேனல் மோனோ, ஆஃப்செட் 44, சேம்பிள் ரேட் தாளில் உள்ளது. சாதாரண வேவ் ஃபைலின் தலை 44 பைட்.

இம்போர்ட் தட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். பாட்டின் அலைவடிவம் வரும், வேலை முடிந்தது. அல்லது திரை முழுக்கச் செங்கல் மாதிரி ஒரே கட்டியாக நிரம்பும், கேட்டால் காதைக் கிழிக்கும். ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள், ஒலியைக் குறைத்துவிட்டு ஸ்பீக்கரில் கேளுங்கள். செங்கல் வந்தால் பயப்பட வேண்டாம். 24 பிட்டில் ஒரு சேம்பிளுக்கு 3 பைட். தலை 44 இல்லாமல் வேறு அளவாக இருந்தால் நாம் சேம்பிளின் நடுவில் வெட்டி ஆரம்பித்திருப்போம். ஆஃப்செட்டை 45 ஆக்கிப் பாருங்கள், இல்லையென்றால் 46. மூன்றில் ஒன்றில் கட்டி உடைந்து, நடுக்கோட்டுக்கு இருபுறமும் அழகாக அலை எழும். அதில் டிரம் அடி தெரிகிற அந்த நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். ஆரம்பத்தில் ஒரு சின்ன 'டப்' சத்தம் இருந்தால் அது மிச்சமிருந்த தலை. வெட்டிவிடுங்கள்.

மூன்றும் சரிவரவில்லை என்றால் 16 பிட்டுக்கு மாற்றுங்கள், அப்புறம் ஸ்டீரியோ, அதற்கும் மேல் பிக் எண்டியன். இந்த வரிசையில் போனால் சீக்கிரம் அகப்படும்.

ஃபைல் அளவே 0 என்று காட்டினால் கதை வேறு. டேட்டா கார்டில் இருக்கலாம், ஆனால் அட்டவணையில் பதியவில்லை. இமேஜ் எடுத்த பிறகு கார்டை ரெக்கார்டரில் போட்டு ஆன் செய்யுங்கள். முடிக்காத ஃபைலை ஆன் ஆகும்போது தானே மூடித் தருகிற ரெக்கார்டர்கள் இருக்கின்றன. இல்லாவிட்டால் மறுபடியும் ஃபோட்டோரெக். இரண்டும் கைவிட்டால் மீட்பவரிடம் இமேஜ் ஃபைலையே கொடுக்கலாம்.

அறிகுறி 5: பாடுகிறது, ஆனால் சுருதியும் வேகமும் மாறியிருக்கிறது

இதற்குப் பெரும்பாலும் காரணம், சேம்பிள் ரேட். 44.1ல் பதிந்ததை மென்பொருள் 48 என்று நினைத்து ஓட்டினால், 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 விநாடியில் முடியும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் அளவு ஏறும். தலைகீழாக நடந்தால் பாட்டு இழுக்கும்.

ப்ராஜெக்ட்டின் சேம்பிள் ரேட்டை ரெக்கார்டரின் ரேட்டுக்கு மாற்றிவிட்டு ஃபைல்களைப் புதிதாக உள்ளே கொண்டுவாருங்கள். ஏற்கெனவே உள்ளே வந்தவற்றைப் பிட்ச் மாற்றிச் சரிக்கட்ட முயலாதீர்கள். சில டிராக் மட்டும் மாறியிருக்கிறது என்றால் அவை வேறு பாட்டின் ஃபைல்களாகவும் இருக்கலாம், பட்டியலைச் சரிபாருங்கள்.

எதை மாற்றியும் சுருதி மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்றால், ரெக்கார்டரில் வேரிபிட்ச் (ஓடும் வேகத்தை வேண்டுமென்றே கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டுப் பதிந்திருக்கலாம். அதை ரெக்கார்டரில்தான் பார்க்க முடியும்.

அறிகுறி 6: எல்லா டிராக்கும் வந்தது, ஒன்றோடொன்று சேரவில்லை

நேரத்தை அதிகம் தின்பது இது. எப்படிச் சேரவில்லை என்பதைப் பொறுத்துக் கிளை பிரியும். பாட்டின் ஆரம்பத்தையும் கடைசி நிமிடத்தையும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

6அ. ஆரம்பத்திலும் கடைசியிலும் ஒரே அளவு விலகல்

எக்ஸ்போர்ட் ஆன ஃபைல் பாட்டின் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. பின்னணிக் குரல் பாட்டின் நடுவில்தான் வருகிறது என்றால், சில ரெக்கார்டர்கள் அந்தத் துண்டை மட்டும் ஃபைலாக்கும். முன்னால் இருந்த மௌனம் போய்விடும். மென்பொருளில் எல்லாம் முதல் நொடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எளிய வழி, ஃபைலுக்குள் நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது. பிராட்காஸ்ட் வேவ் வகை ஃபைலில் அந்த நேர முத்திரை இருக்கும். பெரும்பாலான மென்பொருள்களில் 'மூல நேரத்துக்கு நகர்த்து' என்ற பொருளில் ஒரு கட்டளை உண்டு, ஒரே தட்டில் எல்லாம் இடத்தில் போய் உட்காரும்.

முத்திரை இல்லையென்றால் ரெக்கார்டருக்குத் திரும்புங்கள். பாட்டைக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் ஒவ்வொரு அரைகுறை டிராக்கையும் பூஜ்யத்திலிருந்து கடைசி வரை காலி டிராக்குக்கு பவுன்ஸ் செய்யுங்கள், அதாவது ரெக்கார்டருக்குள்ளேயே மறுபதிவு செய்யுங்கள். ஃபேடர் 0 டிபியில், ஈக்யூவும் எஃபெக்டும் அணைத்து. முழு நீளத்துக்கு ஒரே ஃபைல் கிடைக்கும். மென்பொருளில் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்துவதைவிட இதற்கு நேரம் குறைவு, என் அனுபவத்தில்.

6ஆ. ஆரம்பத்தில் சேர்ந்திருக்கிறது, போகப் போக விலகுகிறது

முதலில் மென்பொருளையே சந்தேகியுங்கள். ஏபிள்டன் லைவ் என்ற இசைப்பதிவு மென்பொருள் நீளமான ஃபைலைக் கண்டால் தானாக வார்ப் போட்டு டெம்போவுக்கு இழுக்கும் அமைப்போடு இருக்கலாம். ஒவ்வொரு டிராக்கையும் ஒவ்வொரு விதமாக இழுத்தால் ஒன்றும் சேராது. வார்ப்பை அணையுங்கள், பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும்.

அடுத்த சந்தேகம், நீங்கள் ஃபைலாக எடுக்காமல் ஓடவிட்டுப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டிரண்டு டிராக்காக அனலாக் வயரில் பிடித்தால், ரெக்கார்டரின் கடிகாரமும் கம்ப்யூட்டர் இன்டர்ஃபேஸின் கடிகாரமும் தனித்தனியாக ஓடும். இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட நிமிடத்துக்கு 3 மில்லிவிநாடி, ஐந்து நிமிடத்தில் 15. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் அந்த வித்தியாசம் அப்படியே நின்றால் எல்லா டிராக்கும் ஒன்றாக நகரும், பிரச்சினை தெரியாது. பெட்டி சூடேறியதாலோ, ஒரு சுற்றை வேறு நாளில் எடுத்ததாலோ அது மாறும்போதுதான் தெரியும்.

டிஜிட்டல் அவுட் இருந்தால் அதில் பிடியுங்கள், இன்டர்ஃபேஸின் கிளாக்கை எக்ஸ்டர்னலுக்கு மாற்றுங்கள். ரெக்கார்டரின் ஒவ்வொரு சேம்பிளும் கம்ப்யூட்டரில் ஒரு சேம்பிளாக வரும், விலகலுக்கு இடமே இல்லை.

அனலாக்தான் வழி என்றால் நான் செய்வது இது. பாட்டின் காப்பியில், காலியான ஒரு டிராக்கில் ஒரு கூர்மையான 'டக்' சத்தத்தைப் பதிந்து, அதை எல்லா டிராக்குக்கும் ஒரே இடத்தில் காப்பி பேஸ்ட் செய்வேன்: பாட்டு தொடங்குமுன் ஒன்று, முடிந்த பின் ஒன்று. பிடித்த பிறகு மென்பொருளில் பெரிதாக்கி, முதல் 'டக்'குகளின் முனையை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துவேன். அப்புறம் கடைசிக்குப் போனால், ஒரு டிராக்கில் 300.000 விநாடியில் நிற்கும் முனை, இன்னொன்றில் 300.015ல் நிற்கும். அந்த 15 மில்லிவிநாடிதான் மொத்த விலகல். டிராக்கின் நீளத்தை அந்த விகிதத்தில் சுருக்கினால் போதும், நடுவில் எங்கேயும் வெட்ட வேண்டாம்.

டிரம் மைக்குகள் எல்லாம் ஒரே சுற்றில் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குரல் 2 மில்லிவிநாடி தள்ளி வந்தால் யாருக்கும் தெரியாது. ஸ்னேர் மைக்கும் மேலே தொங்கும் மைக்கும் சுற்றுக்குச் சுற்று ஒரு மில்லிவிநாடி மாறினால், மைக்கை 34 சென்டிமீட்டர் நகர்த்தியதற்குச் சமம். ஸ்னேர் சத்தம் டப்பா தட்டுவது போல் ஆகிவிடும். இன்டர்ஃபேஸில் எட்டு உள்வழி இல்லையென்றால், எட்டு உள்வழி வைத்திருப்பவரிடம் ஒரு நாள் இரவல் வாங்குங்கள்.

6இ. ஒரு இடம் வரை சரி, அங்கே திடீரென்று தாவுகிறது

நீண்ட பதிவு துண்டாகியிருக்கிறது. ஃபேட்32ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பல ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். பதினாறு சேனலை ஒரே ஃபைலில் 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் எழுதினால் பதினைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேயே 2 ஜிபி நிரம்பிவிடும். துண்டுகளை இடைவெளி இல்லாமல், கிராஸ்ஃபேடும் (ஒன்று மங்க மங்க அடுத்தது எழுவது) இல்லாமல் ஒன்றின் வாலில் ஒன்றை ஒட்டுங்கள். மென்பொருள் தானாக கிராஸ்ஃபேட் போடும் பழக்கமுள்ளது என்றால் இந்த வேலைக்கு மட்டும் அணைத்து வையுங்கள், அது ஒவ்வொரு ஒட்டிலும் சில மில்லிவிநாடியைத் தின்றுவிடும்.

அறிகுறி 7: டிஜிட்டல் வயரில் பிடித்தால் 'டிக் டிக்', அல்லது சத்தமே இல்லை

'டிக்' சத்தம் சீராக, சில விநாடிக்கு ஒருமுறை வருகிறது என்றால் கிளாக். இன்டர்ஃபேஸ் இன்னும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. எக்ஸ்டர்னலுக்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சேம்பிள் ரேட்தானா என்றும் பாருங்கள்.

ஒழுங்கில்லாமல், கம்ப்யூட்டர் வேறு வேலை செய்யும்போது வருகிறது என்றால் பஃபர் (ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) அளவைக் கூட்டுங்கள். வெறுமனே பிடிக்கும் வேலைக்குப் பெரிய பஃபரால் எந்தக் கெடுதலும் இல்லை.

வயரை அசைத்தால் வருகிறது என்றால் வயர்தான். டிஜிட்டல் கோஆக்சியலுக்கு 75 ஓம் வயர் வேண்டும். வீட்டில் கிடந்த ஆடியோ ஆர்சிஏ வயர் ஒரு அடி நீளத்தில் வேலை செய்துவிட்டு ஐந்து மீட்டரில் கழுத்தறுக்கும்.

சத்தமே இல்லையா? ஆப்டிகல் சாக்கெட் ஒன்றுதான், அதில் ஓடும் பாஷை இரண்டு: எஸ்பிடிஃப் இரண்டு சேனல், ஏடாட் எட்டு சேனல். ஒரு முனை அதையும் மறுமுனை இதையும் பேசினால் மௌனமோ இரைச்சலோதான். இரண்டு பக்கமும் ஒரே தேர்வு இருக்கட்டும். வயரின் முனையில் பிளாஸ்டிக் மூடி இன்னும் மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், சிரிக்காதீர்கள்.

அறிகுறி 8: அனலாக்கில் ஹம் (உறுமல்), அல்லது ஒலி ரொம்பக் குறைவு

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். ஹம் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் வழியாக மின்சாரம் சுற்றி வருகிறது. எல்லாவற்றையும் ஒரே மின் பலகையில் மாட்டுங்கள், பேலன்ஸ்டு வயர் கிடைத்தால் அதைப் போடுங்கள். பிளக்கின் எர்த் ஊசியை உடைப்பதை மட்டும் யோசிக்கவே வேண்டாம்.

ஒலி குறைவென்றால் இன்டர்ஃபேஸின் உள்வழி +4 இலா, ரெக்கார்டரின் வெளிவழி -10 இலா (இரண்டு வெவ்வேறு ஒலி அளவு வழக்கங்கள்) என்று பாருங்கள். இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஃபேடரை 0 டிபியில் வைத்து, பேன் குமிழை (ஒலியை இடமோ வலமோ தள்ளுவது) முழு இடமும் முழு வலமுமாகத் திருப்பி, ரிவெர்பை அணையுங்கள். ரிவெர்ப் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு உரிக்க முடியாது.

அறிகுறி 9: ரெக்கார்டர் எழுதிய சிடியைக் கம்ப்யூட்டர் படிக்கவில்லை

ரெக்கார்டர் அந்த சிடியை ஃபைனலைஸ் செய்ததா (எழுதி முடித்து மூடியதா) என்று பாருங்கள், செய்யாததைச் செய்யுங்கள். செய்தும் தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் அந்த ரெக்கார்டருக்கே உரிய பேக்கப் சிடி. அதே மாடலில் திரும்ப ஏற்றி, மேலே சொன்ன ஏதாவது ஒரு வழியில் வெளியே எடுக்க வேண்டும். சிடியில் கீறல் இருந்தால் வேறு இரண்டு மூன்று டிரைவில் போட்டுப் பாருங்கள்; ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும்.

அறிகுறி 10: உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்கிறது

அணைத்துவிடுங்கள். இன்னொரு தரம் ஆன் செய்து பார்க்கலாம் என்ற ஆசைதான் இங்கே எதிரி. படிக்கும் முனை தட்டின் மேல் உரசிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு ஆனிலும் பாட்டுதான் சுரண்டப்படும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். வைக்காதீர்கள், ஈரம் சேர்ந்து மிச்சமும் போகும்.

சத்தமில்லாமல் ரெக்கார்டர் மட்டும் ஆன் ஆகவில்லை என்றால் இவ்வளவு மோசமில்லை. டிஸ்க் நன்றாக இருந்து மின்சாரப் பகுதி மட்டும் போயிருக்கலாம், அது சாதாரண எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பார்க்கும் வேலை. டிஸ்க்கை அதே மாடலின் இன்னொரு ரெக்கார்டரில் மாட்டியும் பார்க்கலாம். அப்படி மாட்டும்போது அந்த ரெக்கார்டர் "இனிஷியலைஸ்?" என்று கேட்டால், 2ஆம் அறிகுறியில் சொன்ன அதே பதில்.

டேட்டா மீட்பவரிடம் கொடுக்கும்போது டிஸ்க்கை மட்டும் தூக்கிக் கொடுக்காதீர்கள். ரெக்கார்டரின் மாடல், சேம்பிள் ரேட், பிட் அளவு, எத்தனை டிராக் என்று எழுதிய அந்தத் தாளின் நகலையும் வையுங்கள். இவர்கள் தினமும் பார்ப்பது ஆவணமும் படமும். மல்டிடிராக் டிஸ்க்கில் தெரிந்த ஃபோல்டர் எதுவும் இல்லாததைப் பார்த்து 'காலி டிஸ்க்' என்று திருப்பித் தந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் முன்கூட்டியே சொல்லுங்கள்: "ஃபைல்களைத் தேட வேண்டாம். டிஸ்க் முழுவதையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை இமேஜாக எடுத்துக் கொடுங்கள், போதும்." அந்த இமேஜை அதே அளவோ பெரியதோ உள்ள வேறு டிஸ்க்கில் எழுதி ரெக்கார்டரில் மாட்டினால், அதுவே தன் பாட்டுகளைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.